பேய்க்கோடு

ஒரு கோடு சரியாக இருக்கிறதா என்பதை நின்றுகொண்டு பார்த்துச் சொல்ல முடியாது. நின்று பார்த்தால் எல்லாக் கோடும் ஒழுங்குதான். ரோட்டில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தாரில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் நீளத்துக்குப் பார்க்க வேண்டும். எங்கே கை நடுங்கியது, எங்கே நூல் தொய்ந்தது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று தோன்றும். எனக்கு இரண்டு முறை முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. ஞாபகத்தில் குறை ஒன்றும் இல்லை. யாரும் என்னை மிரட்டி அழைத்து வரவில்லை. மதியம் சாப்பிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நானாகத்தான் வந்தேன். வாசலில் நின்ற காவலர், "என்ன பெரியவரே, பர்ஸ் தொலைஞ்சுதா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எதுவும் தொலைவதில்லை என்றேன். சிரித்துவிட்டு உங்கள் அறையைக் காட்டினார்.

எங்கள் வீட்டைக் கோட்டுக்காரர் வீடு என்பார்கள். இந்த ஊரின் ரோடுகளில் நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கோடுகளில் முக்கால்வாசி நாங்கள் போட்டவை. அப்பா ஆரம்பித்த நிறுவனம், அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. இயந்திரங்கள் இருக்கின்றன, பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அப்பாவைப் பற்றி, 'அவருகிட்ட கோடு போடச் சொன்னா ரோடே போட்டுடுவாரு' என்று கேலியாகச் சொல்வார்கள். கேலியில் பாதி மரியாதை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது குடும்பம் எப்படி என்று விசாரித்தவர்களுக்குக் கிடைத்த பதில், 'நூல் பிடிச்ச மாதிரி' என்பது. அந்த மூன்று சொல்லுக்காக நான் என்னவெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்பதைச் சொன்னால் உங்கள் தாள் போதாது. மது தொட்டதில்லை. கடன் வாங்கியதில்லை. தங்கையின் கணவர் ஒருமுறை பொய்க் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு தங்கையையே வீட்டுக்குள் சேர்த்ததில்லை. அவள் இறந்தபோது தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ரோட்டின் ஓரத்தில் சைக்கிள்காரர்களுக்கென்று தனிப் பாதை ஒதுக்கினார்கள். ஐந்தடி அகலம். கோடு எங்களுடையது. அன்றிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது. கார் ஓட்டுகிறவர்கள், 'இருக்கற ரோட்டுல அஞ்சடியைப் பிடுங்கி மிதிக்கிறவனுக்குக் குடுத்துட்டானுங்க' என்றார்கள். சைக்கிளில் போகிறவர்கள், 'எழுதி வெச்ச அஞ்சடியிலயும் வண்டியக் கொண்டாந்து நிறுத்தறானுங்க' என்றார்கள். இரண்டு பேரும் எங்களைத் திட்டினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் எதற்கும் வாய் திறந்ததில்லை. நான் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. நான் கோடு.

சைக்கிள்காரர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். ஒல்லியான மனிதர், ஐம்பது இருக்கும், கால்சட்டையின் அடியை ரப்பர் வளையத்தால் கட்டியிருப்பார். பாதைக்குள் எந்த வண்டி மூக்கை நுழைத்தாலும் மணியடிப்பார். இரண்டு அடி, சற்று இடைவெளி, மறுபடி இரண்டு அடி. வண்டி நின்றிருந்தால் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். கார்க்காரர்கள் அவருக்கு மணியடிச்சான் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் இப்போது போட்டிருக்கும் கண்ணாடிகூட அவர் தேய்த்ததுதான். நல்ல வேலை. ஆறு வருடமாக மாற்றவில்லை.

ஒரு நாள் என் மகன் எங்கள் வேனைப் பாதைக்குள் நிறுத்தியிருந்தான். நான் உள்ளே அமர்ந்திருந்தேன். மணி கேட்டது. பிறகு கதவில் விரல் கணு.

"தம்பி, இது வண்டி நிக்கற இடமில்ல."

"ரெண்டு நிமிஷம்யா. கோடு போட்டதே நாங்கதான், எங்களுக்கே பாடமா?"

"அதான் கேக்கறேன். போட்டவருக்கே உள்ள எது வெளிய எதுன்னு தெரியலைன்னா, மத்தவன் எப்படிப்பா தெரிஞ்சுக்குவான்?"

அங்கே நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவர் என்னையும் பார்த்தார். தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருக்கிறவன் என்று தெரிந்து தலையசைத்தார். நானும் அசைத்தேன். வேனை எடுக்கச் சொன்னேன். வழியெல்லாம் மகனின் கழுத்து சிவந்திருந்தது. எங்கள் வீட்டில் கோபத்தைப் பேசித் தீர்க்கும் வழக்கம் கிடையாது.

அதற்கு எட்டாம் நாள், சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, தண்ணீர்த்தொட்டி வளைவில், எங்கள் வேன் அவரை அடித்தது. மகன் ஓடிப்போகவில்லை. நிறுத்தினான், ஆம்புலன்ஸ் அழைத்தான், காவலர் வரும்வரை நின்றான். அந்த வகையில் அவனிடம் குறை சொல்ல முடியாது. அவரைத் தூக்கிச் சென்ற பிறகு, அவர் கிடந்த இடத்தையும் சைக்கிள் கிடந்த இடத்தையும் காவலர் சுண்ணக்கட்டியால் வரைந்துவிட்டுப் போனார். அளப்பதற்கு அதிகாரி திங்கட்கிழமை பத்து மணிக்கு வருவார் என்றார்கள்.

மகன் எங்கள் கொட்டகைக்கு வந்து வெள்ளை வண்ணத்தூள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தான்.

"அப்பா, அவரு உள்ளதான் இருந்தாரு."

"எவ்வளவு உள்ள?"

"ஓரடி இருக்கும். நான் இடிக்கணும்னு போகலப்பா. ஒட்டிப் போய் ஹாரன் அடிச்சா பயந்து ஒதுங்குவாருன்னுதான்..."

"நிறுத்து. எவ்வளவு உள்ளன்னு மட்டும்தான் கேட்டேன்."

விதி எளிமையானது, உங்களுக்கே தெரியும். கோட்டுக்கு உள்ளே சைக்கிள் இருந்தால் குற்றம் வண்டிக்காரன் மேல். வெளியே இருந்தால் சைக்கிள்காரர் மேல். நடுவில் இருப்பது கோட்டின் அகலம், நான்கு விரல். அந்த நான்கு விரலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளை கொலைகாரன். அந்தப் பக்கம் பாவம், விபத்தில் சிக்கிய ஒரு பையன். நான் இரவு தூங்கினேன். முடிவெடுத்துவிட்டால் எனக்குத் தூக்கம் வரும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் தனியாக வளைவுக்குப் போனேன். திருட்டுத்தனமாக அல்ல. மஞ்சள் மேலங்கி, சிவப்புக் கூம்புகள், 'பணி நடக்கிறது' என்ற பலகை, எல்லாம் இருந்தன. ரோட்டில் பகல் வெளிச்சத்தில் மஞ்சள் அங்கி போட்டு ஒருவன் வேலை செய்தால் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. இது என் அனுபவம். முந்தின நாள் சுண்ணக்கட்டி போட்ட அதே காவலர் வந்தார். "இன்னிக்கும் வேலையா பெரியவரே?" என்றார். "தேய்ஞ்சு போச்சு, மறுபடி யாரும் அடிபடக் கூடாது பாருங்க" என்றேன். என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டு, அவரே அரை மணி நேரம் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டார்.

பழைய கோட்டைச் சூடாக்கிச் சுரண்டினேன். அந்த இடத்தில் தார் தடவினேன். ஓரத்திலிருந்து ஐந்தடியில் இருந்ததை மூன்றடிக்குக் கொண்டுவந்தேன். வளைவில் முழத்துக்கு ஒரு ஆணி அடித்து நூலை ஓட்ட வேண்டும், அவசரப்படக் கூடாது. நூற்றிருபது அடி நீளம். இரண்டு முனையிலும் சிறுகச் சிறுகச் சரித்து ஐந்தடிக் கோட்டோடு சேர்த்தேன். எங்கே ஐந்து முடிந்து மூன்று தொடங்குகிறது என்று என்னாலேயே விரல் வைத்துச் சொல்ல முடியாது. சுண்ணக்கட்டி அடையாளங்களில் என் செருப்பின் நுனிகூடப் படவில்லை. அவர் கிடந்த உருவம் இப்போது புதுக் கோட்டுக்கு ஓரடி வெளியே இருந்தது.

வண்ணம் போட்டதும் படுத்துப் பார்த்தேன். பார்க்காமல் நான் எந்த வேலையையும் முடித்ததில்லை. ஆனால் சரியாகப் பார்க்க வேண்டுமானால் அந்த உருவத்தின் பக்கத்தில்தான் படுக்க வேண்டியிருந்தது. அவர் தலை இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி என் தலையை வைத்தேன். தார் சில்லென்று இருந்தது. அவரும் முந்தின நாள் இப்படித்தான் ஒரு கன்னம் தரையில் பட, ஒரு கண்ணால், கோட்டின் வழியே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஊரில் எங்கள் வேலையை அப்படிப் பார்த்தவர் எங்கள் வீட்டாரைத் தவிர அவர் ஒருவர்தான். அவர் பார்த்த கோடு வேறு, நான் பார்த்த கோடு வேறு. இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

வண்ணம் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் கண்ணாடி மணி தூவுவோம். கடுகைவிடச் சிறியவை. வண்டி விளக்குப் பட்டால் மின்னுவது அவைதான். அன்று பாதிதான் தூவினேன், கோடு பழசாகத் தெரிய வேண்டுமே. பிறகு சாம்பலும் ரோட்டுப் புழுதியும் போட்டு, பழைய டயர் ஒன்றை அதன் மேல் உருட்டினேன். மணி தூவியது பத்தே கால் இருக்கும். கண்ணாடி தேய்க்கிறவர் மருத்துவமனையில் உயிர்விட்டதும் பத்தே காலுக்கு என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் பிழைத்து வந்து, நான் உள்ளேதான் இருந்தேன் என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கோடு பதில் சொல்லியிருக்கும்.

திங்கட்கிழமை அதிகாரி அளந்தார். கூட வர வேண்டியவர் தாமதமானதால் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். அதில் ஐந்தடி என்று எழுதி, வளைவுகளில் இடத்துக்கு ஏற்றபடி என்று இருந்தது. "நல்லாத் தேஞ்சிருக்கே, பழைய கோடுதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். ஓரடி வெளியே என்று எழுதினார். மகனை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். மணியடிச்சான் எப்போதும் சண்டைக்கு நிற்கிற ஆள் என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் தயாராக இருந்தார்கள். நான் யாரையும் சொல்லச் சொல்லவில்லை.

ஒத்துக்கொள்ளாதவர் அவருடைய மனைவி மட்டும்தான். துணி தைக்கிறவர். கழுத்தில் அளவு நாடா தொங்க, அப்படியே வளைவில் வந்து நிற்பார். போகிற வருகிறவர்களிடம் என் வீட்டுக்காரர் கோட்டைத் தாண்ட மாட்டார், அவருக்குப் பயம் என்பார். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், ஓட்டத் தெரியாதவன் பொண்டாட்டி கோடு கோணல்ங்கறா' என்று கார்க்காரர் ஒருவர் சொல்ல, அது ஊரெல்லாம் சிரிப்பாகப் பரவியது. அந்த அம்மாள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போடச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஐயா, நானும் சுண்ணக்கட்டி பிடிச்சுக் கோடு போடறவதான். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"மழை பெஞ்சா அங்க இன்னொரு கோடு தெரியுது. வெளிப்பக்கமா. நான் ரெண்டு தடவை பார்த்தேன்."

எங்கள் தொழிலில் அதற்குப் பேய்க்கோடு என்று பெயர். என்ன சுரண்டினாலும் கண்ணாடி மணிகளில் கொஞ்சம் தாருக்குள் இறங்கிவிடும். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. மழை பெய்து, வெயில் சாய்வாக அடித்தால், இல்லாத கோடு எழுந்து வந்து படுத்துக்கொள்ளும். எல்லா ஊரிலும் நடப்பதுதான். அவரிடம் இதைச் சொல்லவில்லை.

"கண்ணு கலங்கியிருந்தா எல்லாம் ரெண்டாத்தான்மா தெரியும்" என்றேன். "நல்ல கண்ணாடியா ஒண்ணு போட்டுக்கோங்க."

சொன்ன பிறகுதான் அவர் என் மூக்கின் மேல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு வளைவில் அவரை நான் பார்க்கவில்லை.

மழை பெய்தால் நான் போவேன். குடை பிடித்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டிச் சுவரோரம் நிற்பேன். அவர் சொன்னது சரிதான், தெரியும். மூன்றடியில் ஒன்று, ஐந்தடியில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டடி, ஒரு ஆள் படுக்கிற அகலம். மழைத்துளி குடையில் விழும்போது இரண்டு இரண்டாக விழுவது போல எனக்குக் கேட்கும். வயதானால் காது அப்படித்தான் விளையாடும். வீட்டில் மருமகளின் சைக்கிளில் இருந்த மணியை நான் ஒரு நாள் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். அவள் கேட்டதற்குத் துருப்பிடித்துவிட்டது என்றேன். இழுப்பறைக்குள்ளும் அது சும்மா இருப்பதில்லை. ஆனால் அதெல்லாம் உங்கள் தாளில் எழுதத் தேவையில்லை.

மருமகள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். சைக்கிளில்தான் போவாள். அவளைத் தண்ணீர்த்தொட்டி வளைவு வழியாகப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லக் காரணம் உண்டு. ஓரத்தை ஒட்டி அந்த வளைவில் சாக்கடைக்கு இரும்புக் கம்பி மூடி இருக்கிறது, இரண்டடி அகலம். கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே ஓடுகின்றன. சைக்கிள் சக்கரம் இறங்கினால் அவ்வளவுதான். பாதை ஐந்தடி இருந்தபோது அதைச் சுற்றிப் போக மூன்றடி மிச்சம் இருந்தது. இப்போது ஓரடி. ஓரடியில் யாரும் ஓட்ட முடியாது. கோட்டை விட்டு வெளியே வந்துதான் தீர வேண்டும்.

"ஏன் மாமா அந்த வழி வேண்டாங்கறீங்க? சுத்திப் போனா இருபது நிமிஷம் கூட ஆகுது."

"காலைல நடமாட்டம் கம்மி, நல்ல காத்து வரும்மா."

"காத்துக்காகவா?" என்று சிரித்தாள். ஆனாலும் சுற்றித்தான் போனாள். மாமனார் சொல்லைத் தட்டாத பெண்.

ஏழு மாதம் கழித்துத் தபால்காரர் அந்த மூடியை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் வந்த கார் ஒதுங்கவில்லை. ஒதுங்க வேண்டிய அவசியமும் இல்லை என்று கார்க்காரர்கள் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு வெளியே வந்தவன் தப்பு அவனோடு. தபால்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே என்று எழுதினார்கள். அடுத்த வருடம் ஒரு செவிலிப் பெண், காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள். இருபத்தாறு வயது. அவளும் வெளியேதான் கிடந்தாள். மூன்று முறையும் என் கோடு சாட்சி சொன்னது. ஒருமுறையும் மாற்றிச் சொல்லவில்லை.

திருப்பிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தபால்காரருக்குப் பிறகு நூலும் ஆணியும் எடுத்துக்கொண்டு போனேன். உண்மை. அரை மணி நேரம் நின்றேன். ஐந்தடிக்கு மாற்றினால், முதலில் ஏன் மூன்றடி இருந்தது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் வீட்டு வாசலுக்கு வரும். ஆணியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். ஒரு குடும்பத்தின் பெயர் என்பது மூன்று தலைமுறை வேலை. ஒரு கால் என்பது, அம்மா, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அது ஒருவருடைய கால்.

செவிலிப் பெண் இறந்த அன்று மாலை மருமகள் என் முன்னால் வந்து நின்றாள். நான் செய்தித்தாளை மடித்தேன்.

"மாமா, உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னை மட்டும் சுத்தி அனுப்பினீங்க."

"என் வீட்டுப் பொண்ணை நான் பத்திரமாப் பார்த்துக்கிட்டேன். அதுல என்னம்மா தப்பு?"

"அவளும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே மாமா?"

யோசித்துப் பார்த்தேன். "அதை அவங்க வீட்டுப் பெரியவங்க பார்த்திருக்கணும்" என்றேன்.

அவள் பாடம் எடுக்கிற குரலில் சொன்னாள். "பழைய தமிழ்ல கோடுறதுன்னா வளையறதுன்னு அர்த்தம் மாமா. கோடாம இருக்கறதுதான் பெருமைன்னு பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன். சொல்லும்போதெல்லாம் நம்ம வீட்டுப் பேரு ஞாபகம் வருது."

பள்ளிக்கூடப் பாடம் பள்ளிக்கூடத்தோடு இருக்கட்டும் என்றேன். மறுநாள் பேத்தியை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சைக்கிளை விட்டுவிட்டுப் போனாள். மகன் தடுக்கவில்லை. அவன் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வேன் ஓட்டுவதில்லை. கொட்டகையில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். 'நான் போய்ச் சொல்லிடட்டுமாப்பா?' என்று நாலைந்து முறை கேட்டிருக்கிறான். வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வான். நல்ல பிள்ளை.

இதெல்லாம் நடந்தும் நான் வரவில்லை. வந்திருக்கவும் மாட்டேன். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

செவிலிப் பெண்ணுக்குப் பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். ஒரு இளம் பொறியாளர் வந்து வளைவை அளந்தார். மூன்றடியைக் கண்டுபிடித்தார், அந்த மட்டில் கெட்டிக்காரர்தான். போன வாரம் அறிக்கை வந்தது, செய்தித்தாளிலும் போட்டார்கள். இதோ சட்டைப்பையில் இருக்கிறது, பாருங்கள். 'இப்பகுதியில் முதலில் கோடு போட்ட நிறுவனத்தின் கவனக்குறைவாலும் அளவுப் பிழையாலும் வளைவில் சைக்கிள் பாதை குறுகலாகவும் கோணலாகவும் அமைந்துவிட்டது.' கீழே நிறுவனத்தின் பெயர். அதாவது என் அப்பாவின் பெயர். நடவடிக்கை எதுவும் வேண்டாம், தெரியாமல் நடந்த பிழை என்று தயவுகூடக் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு வாரம் பொறுத்துக்கொண்டேன். இன்று காலை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். புதிதாக வேலைக்கு வந்த ஆள், என்னைத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம், "சார், வகிடு நேரா எடுக்கட்டுமா, இல்ல கோட்டுக்காரர் எடுக்கற மாதிரி எடுக்கட்டுமா?" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. என் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பாதி வெட்டிய தலையோடு எழுந்திருக்க முடியவில்லை. முழுவதும் வெட்டி முடிக்கும் வரை கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். வளைவு வேறு, கோணல் வேறு. வளைவு போடுகிறவன் மனதோடு போடுவது. கோணல் கை தவறி வருவது. நான் தெரிந்தே செய்தேன், அளந்தே செய்தேன். ஐந்தடியை மூன்றடியாக்கினேன். கண்ணாடி தேய்க்கிறவர் உள்ளேதான் இருந்தார், ஓரடி உள்ளே. மகன் பயமுறுத்தப் போய் அடித்தான். அதையும் எழுதுங்கள், அவன் பெயரையும் எழுதுங்கள். அவன் வண்டி ஓட்டியதில் தவறியிருக்கலாம். வண்டி ஓட்டுவது எங்கள் வீட்டுத் தொழில் அல்ல. தபால்காரரும் அந்தப் பெண்ணும் எதனால் வெளியே வருவார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். எதை வேண்டுமானாலும் என் மேல் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அறிக்கையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

போய்ப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா அந்தப் பொறியாளரை. நூற்றிருபது அடியில் ஒரு நூலிழை விலகியிருந்தால் என்னைத் தூக்கில் போடுங்கள். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை ஒரு தவறும் செய்ததில்லை.